கம்ப்ளையன்ஸ்: நீர் எடுப்பில் ‘நிபந்தனை நிறைவேற்றம்’

நியூசிலாந்தில் ஆற்றிலிருந்தோ ஆழ்துளைக் கிணற்றிலிருந்தோ பாசனத்துக்குத் தண்ணீர் எடுப்பவர், பெரும்பாலும் அந்தப் பகுதியின் ‘ரீஜனல் கவுன்சில்’ எனும் வட்டார மன்றத்திடம் ‘ரிசோர்ஸ் கன்சென்ட்’ எனும் எழுத்துமூல அனுமதி வாங்கியிருக்க வேண்டும். 1991ஆம் ஆண்டின் வள மேலாண்மைச் சட்டம் வைத்த ஏற்பாடு இது. வீட்டுத் தேவைக்கும் கால்நடை குடிப்பதற்கும் நியாயமான அளவில் எடுக்கலாம். அதனால் சூழலுக்குக் கேடு வரக்கூடாது. அதற்கு மேல் எடுக்கும் நீருக்கு நிபந்தனைகள் உண்டு. நொடிக்கு எத்தனை லிட்டர், நாளைக்கு எத்தனை கன மீட்டர், ஆண்டுக்கு எவ்வளவு, ஆற்றின் ஓட்டம் எந்த அளவுக்குக் கீழே போனால் பம்பை நிறுத்த வேண்டும், உறிஞ்சு வாயில் மீன் தடுப்பு வலை உண்டா என்று ஒவ்வொன்றும் எழுதப்பட்டிருக்கும். இவை நடைமுறையில் நிறைவேறுகின்றனவா என்பதைக் குறிக்கும் சொல்தான் ‘கம்ப்ளையன்ஸ்’.

இச்சொல்லின் வேர் லத்தீனின் ‘கொம்ப்ளேரே’. நிரப்பு, முழுமையாக்கு என்று பொருள். ஸ்பானியத்தில் ‘கும்ப்ளிர்’ ஆகி, இத்தாலியத்தின் ‘கொம்ப்ளீரே’ வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இடையில் மரியாதை காட்டுதல் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டது. ‘காம்ப்ளிமென்ட்’ அதே குடும்பத்துச் சொல். ‘சொன்னதற்கு இணங்குதல்’ என்ற இன்றைய பொருள் அதற்குப் பிறகு வலுப்பெற்றது.

தமிழில் இதை ‘இணக்கம்’ என்றே பலர் எழுதுகிறார்கள். இந்தத் துறைக்கு அது பொருந்தாது. இணக்கம் இரு தரப்பாருக்கு இடையிலான உறவைச் சொல்லும் சொல். மத நல்லிணக்கம் என்கிறோம். இலங்கைச் செய்தித்தாள்களில் ‘இணக்கப்பாடு’ என்றால் உடன்பாடு. ‘பண்ணையாளர் மன்றத்தோடு இணக்கமாக இருக்கிறார்’ என்று எழுதினால் அதிகாரியும் அவரும் சுமுகமாகப் போகிறார்கள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இங்கே பேசப்படுவது ஒரு தாளில் உள்ள எண்ணும் குழாயில் ஓடும் நீரும் பொருந்துகின்றனவா என்பது. அதனால் ‘நிபந்தனை நிறைவேற்றம்’ என்பதே சரி. ‘நிறை’ என்ற வினை, லத்தீன் வேரின் பொருளையே நேராகத் தருகிறது.

‘கன்சென்ட்’டுக்குப் புதிய சொல் தேட வேண்டியதில்லை. தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம் ஆலைகளுக்குத் தரும் ‘கன்சென்ட்’டை ‘இசைவாணை’ என்றே நாம் வழங்குகிறோம். ‘நீர் எடுப்பு இசைவாணை’ என்றால் வேலை முடிந்தது. ‘அனுமதி’ என்பது பொதுச்சொல். நிபந்தனைகளோடு எழுத்தில் தரப்பட்ட ஆணை என்பதை அது காட்டாது.

நிறைவேற்றம் என்பது எவ்வளவு துல்லியமான சமாச்சாரம் என்பது மீட்டர் அருகே போனால்தான் தெரியும். 2010ஆம் ஆண்டின் நீர் அளவீட்டு விதிமுறைகள், நொடிக்கு 5 லிட்டரும் அதற்கு மேலும் எடுக்க இசைவாணை பெற்றவர்களுக்கானவை. நீர் நிறைந்து ஓடும் குழாய் என்றால் மீட்டரின் பிழை 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். திறந்த வாய்க்கால் என்றால் 10 சதவீதம். 5 ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ளவர் சரிபார்க்க வேண்டும். 2020 திருத்தத்தின்படி, நொடிக்கு 20 லிட்டரும் அதற்கு மேலும் எடுப்பவர்கள் 2022 செப்டம்பர் 3 முதல் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, அன்றாடம் மின்னணு வழியில் மன்றத்துக்கு அனுப்ப வேண்டும். நொடிக்கு 20 லிட்டர் என்றால் 15 நிமிடத்தில் 18 கன மீட்டர். நாள் முழுக்க ஓடினால் 1,728 கன மீட்டர். இதில் 5 சதவீதம் பிழை என்றாலே 86 கன மீட்டருக்கு மேல். மீட்டரை ஒழுங்காகப் பொருத்துவதில் இவ்வளவு கறார் காட்டுவது ஏன் என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

பொருத்தும்போது பெரும்பாலும் கோளாறு வருவது வளைவுக்கோ வால்வுக்கோ ஒட்டி மீட்டரை வைப்பதால். நீர் சுழன்று வரும், அளவு தவறும். மீட்டருக்கு முன்னால் குழாய் விட்டத்தைப் போல 10 மடங்கும் பின்னால் 5 மடங்கும் நேர்க்குழாய் விடுவது பொதுவான கணக்கு. 200 மில்லிமீட்டர் குழாய்க்கு முன்னால் 2 மீட்டர், பின்னால் 1 மீட்டர். தயாரிப்பாளரின் கையேடு வேறு அளவு சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும். குழாய் முழுக்க நிறையாமல் பாதி ஓடினால் மின்காந்த மீட்டர் நிறைந்ததாகவே எண்ணிக் கூடுதலாகக் காட்டும். எடுக்காத நீருக்குப் பண்ணையாளர் பதில் சொல்ல நேரும். இன்னொன்று, மீட்டர் அனுப்பும் மின் துடிப்புகளின் கணக்கு. மீட்டர் 1 கன மீட்டருக்கு ஒரு துடிப்பு அனுப்ப, அதைப் பதியும் கருவியான டேட்டா லாகரில் ஒரு துடிப்புக்கு 0.1 என்று பதிந்திருந்தால் பத்தில் ஒரு பங்குதான் கணக்கில் ஏறும். மீட்டர் முகப்பில் உள்ள எண்ணை முதல் நாளும் ஒரு வாரம் கழித்தும் குறித்து, லாகர் காட்டும் மொத்தத்தோடு ஒப்பிட்டால் இது உடனே பிடிபடும்.

பாசனம் இல்லாத குளிர்காலத்தில் பதிவை நிறுத்திவிடக் கூடாது. எடுக்காத நாளுக்குச் சுழியம் என்று பதிவாக வேண்டும். பதிவே இல்லாத நாளும் சுழியம் பதிந்த நாளும் மன்றத்தின் கணக்கில் வேறு வேறு.

‘மானிட்டரிங்’குக்குக் ‘கண்காணிப்பு’ நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் வட்டார மன்றம் செய்யும் கண்காணிப்பு இரண்டு வகை. ஆற்றின் ஓட்டம், நைட்ரேட், நிலத்தடி நீர்மட்டம் ஆகியவற்றை அளப்பது சூழல் நிலைக் கண்காணிப்பு. ஒரு பண்ணையின் இசைவாணையைச் சோதிப்பது நிபந்தனைக் கண்காணிப்பு. செய்திகளில் இரண்டும் ஒரே சொல்லால் வருவதால், ஆறு கெட்டிருக்கிறது என்ற அறிக்கையை எல்லாப் பண்ணையும் விதி மீறியதாகப் படித்துவிடுகிறார்கள். எல்லோரும் நிபந்தனையை நிறைவேற்றியிருந்தும், கொடுத்த இசைவாணைகளின் மொத்தமே ஆறு தாங்கும் அளவைத் தாண்டியிருக்கலாம். மொழிபெயர்ப்பில் இந்த அடைமொழியை விடவே கூடாது.

‘நான்-கம்ப்ளையன்ஸ்’ஸை எங்கும் ‘மீறல்’ என்று எழுதுவதும் சரியல்ல. மன்றங்கள் முழு நிறைவேற்றம், குறைந்த இடருள்ள குறைபாடு, நடுத்தரக் குறைபாடு, கடுமையான குறைபாடு என்று தரம் பிரிக்கின்றன. சரிபார்ப்புச் சான்று தாமதமாக வந்தது ‘நிறைவேறாமை’. ஓட்டம் குறைந்து தடை அறிவித்த பிறகும் பம்பை ஓட்டியது ‘மீறல்’. நிறுத்த ஆணை, அபராத அறிவிப்பு, வழக்கு வரை போகக்கூடியது அதுவே.