நடுநிலையான ஆலோசகர் வேண்டும் என்பவர்களுக்கு

போன வாரமும் அதே கேள்வி. மகன் தன்பாலீர்ப்பாளன் என்று தெரிந்து கலங்கிப்போய், மனநல ஆலோசகரான என்னிடம் வந்த தந்தை ஒருவர், "நீங்களும் அப்படித்தான் என்கிறார்களே, உங்களால் நடுநிலையாக இருக்க முடியுமா?" என்று கேட்டார். அவர் பயம் எனக்குப் புரிகிறது. கேள்விதான் அலுத்துவிட்டது.

எதிர்பாலீர்ப்புள்ள ஆலோசகரிடம் இதை யாரும் கேட்பதில்லை. அவருக்கும் பாலீர்ப்பு உண்டு, வளர்ந்த வீடு உண்டு, மதம் உண்டு, குடும்பம் என்றால் இப்படித்தான் என்ற எண்ணம் உண்டு. பெரும்பான்மையோடு ஒத்துப்போவதால் அவை கண்ணில் படுவதில்லை, அவ்வளவுதான். அப்படிப்பட்ட 'நடுநிலை'யாளர்கள்தான் பல பத்தாண்டுகள் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலில் வைத்திருந்தார்கள். அமெரிக்க உளவியலாளர் எவலின் ஹூக்கர் 1957-இல் வெளியிட்ட ஆய்வில், உளவியல் சோதனை முடிவுகளைப் பெயரில்லாமல் நிபுணர்களிடம் கொடுத்தார். யார் தன்பாலீர்ப்பாளர் என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. 1972-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கக் கூட்டத்தில், தானும் தன்பாலீர்ப்பாளர் என்று சொல்ல வந்த மனநல மருத்துவர் ஜான் ஃபிரையர் முகமூடி அணிந்து, குரலையும் மாற்றிக்கொண்டுதான் பேசினார். சொந்த முகத்தோடு பேசினால் வேலைக்கே ஆபத்து. அடுத்த ஆண்டு சங்கம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. உலக சுகாதார நிறுவனம் நீக்க 1990 ஆனது.

என் அடையாளம் என் வேலைக்குள் வருகிறதா என்றால், வருகிறது. அதை மேற்பார்வையாளரிடம், அதாவது என் வேலையைக் கவனித்து வழிகாட்டும் மூத்த ஆலோசகரிடம், பேசிச் சரிபார்த்துக்கொள்வதும் இந்தத் தொழிலின் பகுதிதான். "உங்களுக்குத் தெரியாததா?" என்று ஒரு குயர் (தன்பாலீர்ப்பு போன்ற பால், பாலினச் சிறுபான்மையைச் சேர்ந்த) இளைஞர் பாதியில் நிறுத்தும்போது நான் தலையாட்டிவிட்டால், அங்கே என் கதைதான் ஓடும். அதனால் விடாமல் கேட்கிறேன். பண்பாடு இன்னும் நுட்பமான இடம். வீட்டில் சொல்லிவிடுவதே துணிச்சல் என்று நம்பும் ஆலோசகர், தங்குவதற்கும் படிப்பதற்கும் அந்த வீட்டையே நம்பியிருப்பவரை அவசரப்படுத்திவிடுகிறார். சொல்லாமலிருப்பது பெற்றோர் மீதுள்ள பாசமாக இருக்கலாம். யோசித்து எடுத்த பாதுகாப்பாகவும் இருக்கலாம்.

ஆலோசகரைத் தேடுபவர்கள் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். குயர் நபர்களோடு வேலை செய்த அனுபவம் உண்டா? மேற்பார்வை பெறுகிறீர்களா? என் சம்மதமில்லாமல் வீட்டாரிடம் எதையாவது சொல்வீர்களா? பதில் மழுப்பலாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள். 'மாற்றிவிடலாம்' என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அது சிகிச்சையே இல்லை. மனச்சோர்வையும் தற்கொலை எண்ணத்தையும்தான் கூட்டும்.

பெற்றோர்களே, 'மாற்றிவிடலாம்' என்ற அந்த வாக்குறுதியைத் தருபவர் கிடைக்கும்வரை பிள்ளையை ஒவ்வோர் இடமாக இழுத்துக்கொண்டு அலையாதீர்கள், தயவுசெய்து. உங்கள் பயத்தைப் பேச உங்களுக்கென்று தனியாக நேரம் வாங்கிக்கொண்டு வாருங்கள்.