ஏறும்போது மூச்சு, இறங்கிய பிறகு தொடை: பயிற்சி முகாமின் முதல் மாதம்

கன்னியாகுமரி மாவட்டத்து மருந்துவாழ் மலையில் ஏறும்போதுதான் எங்கள் பயிற்சி முகாமில் எல்லோரும் திணறினோம். பத்தாவது நிமிடத்திலேயே என் நெஞ்சுத் துடிப்பு காதுக்குள் கேட்டது. உச்சியில் கடலையும் தென்னந்தோப்புகளையும் பார்த்து, காற்று வாங்கிவிட்டு இறங்கியபோது யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. பேசிக்கொண்டே இறங்கினோம்; இளவட்டங்கள் ஓடியே இறங்கினார்கள். அது ஞாயிற்றுக்கிழமை. திங்கள் லேசான கடுப்பு. செவ்வாய்க்கிழமை காலை பள்ளிக்கூட மாடிப்படியில் இறங்க முடியாமல் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்தொடை இரண்டிலும் அப்படி ஓர் உளைச்சல்.

எனக்கு வயது 42. உயிரியல் ஆசிரியை. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது என்று மருத்துவர் சொன்ன வாரத்தில், தம்பி மகன் "அத்த, ஒரு மாசம் வந்து பாருங்க" என்று நாகர்கோவிலில் ஒரு மைதானத்தில் நடக்கும் பயிற்சி முகாமுக்குக் கூட்டிப்போனான். காலை 5.30 முதல் 7 மணி வரை. வருகிறவர்களில் பாதிப்பேர் அவனைப் போல போலீஸ், ராணுவத் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள். மீதிப்பேர் என்னைப் போல மருத்துவர் அனுப்பியவர்கள்.

அந்த ஒரு மாதத்தில் நான் கண்டது இது: பயிற்சிக்கு உடம்பு பழகும், ஆனால் எல்லா உறுப்பும் ஒரே வேகத்தில் பழகாது. ரத்தம் சில நாட்களில் பழகிவிடுகிறது. நரம்புக்கு இரண்டு மூன்று வாரம். தசை பருக்க இரண்டு மாதம்கூட ஆகும். எலும்பும், தசையை எலும்போடு கட்டும் தசைநாணும் அதற்கும் பின்னால் வருகின்றன. முகாமில் பார்த்த வலிகளிலும் காயங்களிலும் பெரும்பாலானவை இந்த இடைவெளிக்குள் விழுந்தவைதான்.

முதலில் அந்தச் செவ்வாய்க்கிழமை உளைச்சல். முகாமில் யாரைக் கேட்டாலும் "லாக்டிக் ஆசிட் தேங்கிட்டு" என்பார்கள். இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்த்தால் போதும். கடும் வேலையின்போது தசையில் உண்டாகும் லாக்டேட் (அவர்கள் லாக்டிக் ஆசிட் என்பது இதைத்தான்), வேலை நின்று ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கு இறங்கிவிடும். உளைச்சலோ 24 மணி நேரம் கழிந்துதான் ஏறத் தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகிறது. லாக்டேட் அதிகம் உண்டாவது மூச்சு முட்ட ஏறும்போது. நமக்கு வலித்ததோ சும்மா இறங்கியதற்கு. லாக்டேட்டைக் கழிவு என்று நினைப்பதும் பழைய கணக்கு. 1980-களிலிருந்து ஜார்ஜ் புரூக்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் காட்டிவருவதுபோல அது ஓர் எரிபொருள். ஒரு தசை விட்டதை இன்னொரு தசை எடுத்து எரிக்கிறது. இதயமும் அதை எரிக்கிறது.

உளைச்சலின் காரணம் இறக்கத்தில் இருக்கிறது. ஏறும்போது முன்தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை, உடம்பு தொப்பென்று விழாமல் பிரேக் பிடிக்கிறது. அதாவது, இறுக்கிப் பிடித்தபடியே நீள்கிறது. இந்த வேலைக்கு ஆக்சிஜன் செலவு மிகக் குறைவு. அதனால்தான் மூச்சு வாங்கவில்லை. ஆனால் குறைவான இழைகளே வேலை செய்வதால், ஒவ்வோர் இழையும் தாங்கும் சுமை கூடுகிறது. இழைக்குள் வரிசையாக நிற்கும் சுருங்கும் அலகுகளில் பலம் குறைந்தவை அளவுக்கு மீறி இழுபட்டுக் கலைகின்றன. பழுது பார்க்க உடம்பு ஆள் அனுப்புகிறது. அங்கே நீர் கோக்கிறது, நரம்பு முனைகள் தொட்டாலே கூசும் நிலைக்கு வருகின்றன. இதற்கெல்லாம் ஒரு நாளாவது ஆகும். தியோடர் ஹஃப் என்பவர் 1902-லேயே, உழைத்த உடனே வரும் சோர்வும் மறுநாள் வரும் உளைச்சலும் வெவ்வேறு என்று எழுதிவிட்டார்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனிமேல்தான். ஒருமுறை இப்படி உளைந்த தசை, பல வாரங்களுக்கு அதே வேலையால் அவ்வளவு உளையாது. மூன்று வாரம் கழித்து அதே மலையில் ஏறி இறங்கினேன். மறுநாளும் அதற்கடுத்த நாளும் வகுப்புகளை நின்றே எடுத்தேன். பனை ஏறுகிறவர் காலையும் மாலையும் இறங்கி இறங்கியே அந்தத் தொடையைச் செய்திருக்கிறார். ஆகவே புதுப் பயிற்சி எதுவானாலும் முதல் நாள் பாதியோடு நிறுத்தினால் போதும். அந்தப் பாதியே பாதுகாப்பில் பெரும் பங்கைத் தந்துவிடும்.

எண்ணெய் தேய்த்து வெந்நீரில் குளித்தால் சுகமாக இருக்கும். பழுதுபார்ப்பின் வேகம் அதனால் பெரிதாக மாறாது. மெதுவாக நடப்பது நல்லது. ஆனால் ஒன்றை மட்டும் யாரும் தள்ளிப்போடக் கூடாது. முதல் நாளே நூறு, இருநூறு பஸ்கி போட வைத்து, மறுநாள் தசை கல்லாக வீங்கி, சிறுநீர் கட்டன்சாயா (பால் கலக்காத தேநீர்) நிறத்தில் போனால், அது சாதாரண உளைச்சலைத் தாண்டியது. சிதைந்த தசையிலிருந்து மயோகுளோபின் என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "உடம்பு பிடிச்சிருக்கு, நாளைக்கும் போட்டா சரியாகும்" என்று சொல்லி யாரும் திரும்ப மைதானத்துக்கு அனுப்ப வேண்டாம்.

இனி பலம். முதல் நாள் எனக்கு மூன்று தண்டால்தான் வந்தது. மூன்றாவது வாரம் பதினொன்று. கைச்சதையை அளந்தால் முன்பிருந்த அதே சுற்றளவு. அப்படியானால் பலம் எங்கிருந்து வந்தது? நரம்பிலிருந்து. ஒரு நரம்புச் செல்லும் அது ஆட்டுவிக்கும் தசை இழைகளும் சேர்ந்து ஒரு கூட்டம். பழகாத உடம்பில் மூளையால் எல்லாக் கூட்டத்தையும் ஒருசேரக் கூப்பிட முடிவதில்லை; கூப்பிட்டவையும் முன்பின்னாக வருகின்றன; எதிர்த் தசையும் தேவையில்லாமல் இறுகி இடைஞ்சல் செய்கிறது. முதல் சில வாரங்களில் கூடும் பலத்துக்கு இந்த ஒழுங்குதான் முக்கியக் காரணம் என்று மோரிட்டானி, டிவ்ரீஸ் என்ற இருவர் 1979-ல் அளந்து காட்டினார்கள். நம் மாவட்டத்துத் தற்காப்புக் கலையான அடிமுறையின் ஆசான்கள் புதிதாக வருகிறவனுக்குக் கம்பைக் கொடுப்பதற்கு முன் சுவடு என்ற காலடி வரிசையையே திரும்பத் திரும்பப் போட வைப்பார்கள். அந்தப் பொறுமை நேராக நரம்புக்குச் செய்யும் உபகாரம் என்றே நான் நினைக்கிறேன்.

முகாமில் விசில் ஊதி 20 விநாடி வேலை, 10 விநாடி ஓய்வு என்று விரட்டும் ஒரு பயிற்சி உண்டு. இசுமி தபாட்டா என்ற ஜப்பானியர் 1996-ல் வெளியிட்ட ஆய்வில் வருவது. அவர் சோதித்தது ஏற்கெனவே விளையாட்டில் ஊறிய உடற்கல்வி மாணவர்களை, அதுவும் ஒரே இடத்தில் நிற்கும் சைக்கிளில். ஏழெட்டுச் சுற்றில் அவர்களே ஓய்ந்துபோனார்கள். விழுந்து எழுந்து குதிக்கும் பர்ப்பிக்கும் அப்படி ஒரு கதை உண்டு. 1930-களில் ராயல் பர்ப்பி என்பவர் உடல்தகுதியைச் சோதிக்க நாலே நாலு முறை செய்யச் சொன்ன அசைவு அது. இன்று ஐம்பது, நூறு என்று போடச் சொல்கிறார்கள். முதல் வாரத்தில் ஒருவருக்கு அது வரவில்லை என்றால் அவர் சோம்பேறி என்று யாரும் எண்ண வேண்டாம்.

ஓட்டத்துக்கு வருகிறேன். தமிழ்நாடு காவலர் தேர்வில் ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்தில் முடிக்க வேண்டும். ராணுவத்தின் 1600 மீட்டர் ஓட்டத்தில் முழு மதிப்பெண் வாங்க 5 நிமிடம் 30 விநாடி. பிள்ளைகள் பெரும்பாலும் முதல் சுற்றில் பறக்கிறார்கள், மூன்றாம் சுற்றில் கால் ஈயமாகிவிடுகிறது. தசையில் உடனடிக் கையிருப்பாக உள்ள பாஸ்போகிரியாட்டின் பத்து விநாடி தாங்கும். அதற்குமேல் ஆக்சிஜன் இல்லாமல் சர்க்கரையை உடைக்கும் வழி ஒன்றிரண்டு நிமிடத்துக்கு உதவும். மீதியெல்லாம் ஆக்சிஜன் வழி. 1500 மீட்டர் ஓட்டத்துக்குத் தேவையான ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்குக்குமேல் இந்த வழியில்தான் வருகிறது. 7 நிமிடத்துக்கு ஒரு 400 மீட்டர் சுற்றுக்கு 112 விநாடி போதும். 80 விநாடியில் முதல் சுற்றை முடிக்கிறவன் தொடக்கத்திலேயே கடன் வாங்கி ஓடுகிறான்.

ஆக்சிஜன் வழியைப் பெரிதாக்கப் பெரும்பாலான நாட்களில் மெதுவாகத்தான் ஓட வேண்டும். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம். 220-லிருந்து வயதைக் கழித்தால் உச்ச நாடித்துடிப்பு என்று ஒரு கணக்கு சொல்வார்கள். அது சராசரிதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு கூடிக் குறையும். பேச்சுக் கணக்குக்குக் கைக்கடிகாரமும் வேண்டாம். பயிற்சி தொடங்கிய சில நாட்களிலேயே ரத்தத்தின் நீர்ப்பகுதி கூடிவிடுகிறது. ஒரு துடிப்புக்கு இதயம் தள்ளும் ரத்தம் கூடுவதால், அதே வேகத்துக்குக் குறைவான துடிப்பு போதும். இரண்டாம் வாரத்தில் "மூச்சு பழகிட்டு" என்று தோன்றுவது இதனால்தான். ஆபத்தும் இங்கேதான் தொடங்குகிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அதற்கு முன் நம் ஊர் வெக்கை. தசை எரிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கோ, கொஞ்சம் கூடுதலோதான் ஓட்டமாகிறது. மிச்சம் முழுக்கச் சூடு. அந்தச் சூட்டை வெளியேற்றுவது வியர்வை. சரியாகச் சொன்னால், வியர்வை ஆவியாவது. ஒரு லிட்டர் வியர்வை முழுதும் ஆவியானால் ஏறக்குறைய 580 கிலோ கலோரி சூட்டைக் கொண்டுபோகும். தரையில் சொட்டிய வியர்வை எதையும் கொண்டுபோகாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் ஓடினால் சட்டை காய்ந்துகொண்டே இருக்கும். காற்று அசையாத மார்ச் மாதக் காலையில் குளச்சல் பக்கம் அதே தூரத்தை ஓடினால் உடம்பிலிருந்து தண்ணீர் ஊற்றும், சூடோ உள்ளேயே நிற்கும். கடற்கரை ஈரக்காற்றில் வேகத்தைக் குறைப்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

வெயிலுக்கு உடம்பு பழகப் பத்துப் பதினான்கு நாள் ஆகும். வியர்வை சீக்கிரமே தொடங்கும், கூடுதலாக வரும், அதில் உப்பு குறையும். ஏசி அறையில் வேலை பார்த்துவிட்டு லீவுக்கு வந்தவர் முதல் நாளே மற்றவர்களோடு போட்டி போட வேண்டாம். எடை குறைக்க ரெயின்கோட் போட்டு ஓடும் வழக்கத்தைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது. ஆவியாகும் வழியையே அடைத்துவிட்டு அடுப்பை எரிப்பது அது. எங்கள் முகாமிலேயே ஒரு பையன் ஓடிக்கொண்டிருந்தவன் திசைமாறித் தள்ளாடி, கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொல்லி விழுந்தான். ஓட்டத்தில் புத்தி தடுமாறினால், உடம்பின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சியாளர் வண்டிக்குக் காத்திருக்கவில்லை. நிழலில் கிடத்தி, பக்கத்துக் குழாயிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்ற வைத்தார், ஒருவர் விசிறினார். முதலில் குளிர்விப்பு, பிறகு மருத்துவமனை. அந்த வரிசைதான் பையனைக் காப்பாற்றியது.

தண்ணீர் தாகத்துக்குக் குடித்தால் போதும். பயந்துபோய் லிட்டர் கணக்கில் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய் அதுவே மயக்கத்தில் கொண்டுவிடும். நீண்ட பயிற்சி நாளில் உப்புப் போட்ட கஞ்சித்தண்ணி மிக நல்ல பானம். சாப்பாட்டில் மரச்சீனி தசையின் சர்க்கரைக் கையிருப்பை நிரப்பும், ஆனால் அதில் புரதம் மிகக் குறைவு. கூடவே சாளை மீனோ பயறோ முட்டையோ வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் புரதம் கிடைத்தால், அதற்குமேல் பொடி வாங்கிக் கலக்கிக் குடிப்பதில் பெரிய லாபமில்லை.

கடைசியாக எலும்பு. மூச்சு பழகிய இளைஞன் தூரத்தைக் கூட்டுகிறான். ஆனால் புதுச் சுமை விழும் எலும்பு முதலில் செய்வது இடிப்பு வேலை. பழைய எலும்பை அரிக்கும் செல்கள் ஏறக்குறைய மூன்று வாரம் குழி தோண்டுகின்றன. அதை நிரப்பிக் கெட்டியாக்க மூன்று மாதம்கூட ஆகும். ஆக, மூச்சும் நரம்பும் நன்றாக இருக்கிற மூன்றாம் நான்காம் வாரத்தில் கால் எலும்பு முன்பைவிடச் சற்றுப் பலவீனமாக இருக்கிறது. அந்த வாரத்தில்தான் முன்னங்கால் வலி என்று பிள்ளைகள் நொண்டுவார்கள். சிலர் சங்குத்துறை மணலுக்கு மாறுகிறார்கள். மணலில் அடி மெத்தென்று விழும், உண்மைதான். ஆனால் அதே வேகத்தில் ஓட ஆற்றல் 1.6 மடங்கு செலவாகும், கெண்டைக்காலும் குதிகால் நாணும் கூடுதலாக இழுபடும். கரைச் சரிவில் ஒரே பக்கமாக ஓடினால் ஒரு கால் எப்போதும் தாழ்ந்தே விழும்.

முன்னங்கால் நெடுகப் பரவி, ஓடத் தொடங்கியதும் குறையும் வலி சில நாள் ஓய்வில் சரியாகலாம். ஒரு விரலால் "இங்கேதான்" என்று தொட்டுக் காட்ட முடிகிற, ராத்திரியிலும் விடாத வலி எலும்பின் வலி. என் தம்பி மகன் அப்படி ஒரு வலியைப் பத்து நாள் யாரிடமும் சொல்லவில்லை. கேட்டபோது, "சொன்னா ஓட விடமாட்டாங்க, அத்த" என்றான். முதல் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. இந்த வகை விரிசல் தொடக்கத்தில் பெரும்பாலும் தெரியாது. ஆனாலும் மருத்துவர் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னார். மூன்று வாரம் கழித்து எடுத்த படத்தில் கால் எலும்பின் ஓரமாக மெல்லிய வெண்மை படர்ந்திருந்தது. அது புதிதாகப் படிந்த எலும்பு. இப்போது காலையில் குளத்தில் நீந்துகிறான், கம்பியில் தொங்கிப் புல்-அப் எடுக்கிறான். ஓட இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.