கன்சென்ட்: சம்மதமா, இசைவா?

ஆபரேஷனுக்கு முன்னால் கையெழுத்து வாங்கும் தாளிலும் கன்சென்ட்தான், பாலியல் வன்முறை வழக்குகளில் வாதிடப்படுவதும் கன்சென்ட்தான். லத்தீன் வேரில் அதற்குச் சேர்ந்து உணர்தல் என்று பொருள். தமிழில் சம்மதம், ஒப்புதல், அனுமதி, உடன்பாடு, இசைவு என்று ஏகப்பட்ட சொற்கள் உண்டு. இதில் ஒப்புதலும் அனுமதியும் ஆபீஸ் கோப்பு வாடை அடிப்பவை, விட்டுவிடலாம்.

சம்மதம் வடமொழியிலிருந்து வந்து நன்றாகவே ஊறிப்போன சொல். அதன் பிறப்பில் எனக்குக் குறையில்லை, கூடவே ஒட்டிக்கொண்டு வரும் ‘மௌனம் சம்மதம்’தான் தொல்லை. பெண் பார்க்க வந்தவர்கள் தேதி வரைக்கும் பேசி முடித்துவிட்டு “பொண்ணுக்குச் சம்மதம்தானே?” என்று அவள் அப்பாவிடம் கேட்பார்கள், அவள் தலை குனிந்து நின்றால் போதும், சரி என்று எடுத்துக்கொள்வார்கள்.

இந்த எண்ணம் நீதிமன்றத்திலும் இருந்தது. 1972இல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் பதின்வயதுப் பழங்குடிப் பெண் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளானார் என்று காவலர்கள் இருவர்மீது வழக்கு. உயர் நீதிமன்றம் தண்டித்தது. 1978இல் உச்ச நீதிமன்றம், உடலில் காயம் இல்லை, போராடிய அடையாளம் இல்லை என்பதையெல்லாம் காட்டி இருவரையும் விடுவித்தது. போலீஸ் ஸ்டேஷனுக்குள், போலீஸ்காரரிடம், ஒரு சிறுமி எப்படிப் போராடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தார்களோ! சட்டப் பேராசிரியர்கள் நால்வர் அடுத்த ஆண்டு நீதிமன்றத்துக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள்: பணிந்துபோவது வேறு, சம்மதிப்பது வேறு. போராட்டங்கள் கிளம்பி 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. காவலில் நடக்கும் வன்புணர்வில் உறவு நடந்தது நிரூபணமாகி, தான் சம்மதிக்கவில்லை என்று பெண் சாட்சியம் சொன்னால் நீதிமன்றம் அதையே அனுமானமாகக் கொள்ள வேண்டும் என்றானது.

2013 திருத்தம் இன்னும் தெளிவு. சொல்லாலோ சைகையாலோ வேறு வகையிலோ, ஐயத்துக்கு இடமில்லாமல், தானாக முன்வந்து, அந்தக் குறிப்பிட்ட செயலுக்குத் தெரிவிப்பதே சம்மதம். உடலால் எதிர்க்கவில்லை என்ற ஒரே காரணத்தால் சம்மதித்ததாக ஆகாது. பயத்தில் உடம்பு உறைந்து, குரலே எழாமல் போவது பலருக்கு நடப்பதுதான். போன வாரம் சரி என்றவர் இன்று வேண்டாம் எனலாம், காதலித்தாலும் அப்படித்தான். 18 வயதுக்குக் கீழே என்றால் சம்மதம் என்ற பேச்சே சட்டத்தில் செல்லாது.

அதனால்தான் நான் இசைவு என்று எழுதுகிறேன். இசைதல் என்றால் பொருந்துதல், உடன்படுதல். கல்வெட்டுகளில் ஒப்பந்த ஆவணத்துக்கு ‘இசைவுத் தீட்டு’ என்றே பெயர். ஒருவர் மட்டும் இசைய முடியாது, வாய்மூடி நிற்பவரை இசைந்தார் என்று சொல்ல நமக்கு நாக்கும் வராது. பெயரடையாக ‘இசைவற்ற’, வினையடையாக ‘இசைவுடன்’ என்றெல்லாம் வளைக்கவும் வசதி.

ஆனால் 2024 ஜூலையில் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு 2013 திருத்தம் தந்த விளக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு, கூடவே பழைய விதிவிலக்கையும் வைத்திருக்கிறது: 18 வயது நிரம்பிய மனைவியிடம் கணவன் கொள்ளும் உறவு, அவள் இசைந்தாளோ இல்லையோ, வன்புணர்வு ஆகாது.