எலி சாகவில்லை, காளான் முளைத்திருக்கிறது

மதுரையில் ஆண்டுக்குப் பெய்யும் மழை ஏறக்குறைய 850 மில்லிமீட்டர். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் இறங்குகிறது. இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து, அப்புறம் லேசாக வெயில் காட்டும்போது திருநகரிலோ ஒத்தக்கடையிலோ ஏதாவது ஒரு கொல்லையில் இந்தப் பேச்சு கிளம்பும்: "எங்கேயோ எலி செத்துக் கிடக்கு, பாரு." வாழைக்கு அடியில் தேடுவார்கள், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் தேடுவார்கள், சாக்கடை மூடியைத் தூக்கிப் பார்ப்பார்கள். கடைசியில் தென்னை மட்டை மக்கிக் கிடக்கும் மூலையில், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவான உயரத்தில், செங்காவி நிறத்தில் ஏதோ ஒன்று நின்றுகொண்டிருக்கும். தலையில் பச்சை கலந்த பழுப்புச் சளி, அதன் மேல் மொய்க்கும் ஈக்கள்.

அடுத்து நடப்பதுதான் எனக்கு வருத்தம். மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள், கல்லுப்பைக் கொட்டுகிறார்கள், கடையில் பூஞ்சைக்கொல்லி வாங்கி வந்து அடிக்கிறார்கள். அந்தக் காளான் தோட்டத்துக்கு ஒரு கெடுதலும் செய்திருக்காது. உதிர்ந்த இலை, மக்கிய மரம், தென்னை நார் இவைதான் அதன் சாப்பாடு. நாறுவது, தன் வித்துகளை வேறு இடத்துக்கு அனுப்ப அது செய்துகொண்ட ஏற்பாடு. ஆங்கிலத்தில் ஸ்டிங்க்ஹார்ன் என்று பெயர். இந்தக் கட்டுரையில் நாற்றக் காளான் என்றே வைத்துக்கொள்வோம்.

காளான் என்று நாம் பார்ப்பது பூஞ்சையின் ஒரு சிறு பகுதி. மற்றதெல்லாம் மண்ணுக்குள் வெள்ளை இழைகளாக ஓடிக்கொண்டிருக்கும். ஈரமும் தீனியும் போதுமான அளவு சேர்ந்ததும், வித்து பரப்புவதற்காக மேலே ஓர் உறுப்பை அனுப்புகிறது. சாதாரணக் குடைக்காளானில், குடைக்கு அடியில் இருக்கும் மெல்லிய தகடுகளிலிருந்து வித்துகள் உதிர்ந்து காற்றோடு போய்விடும். நாற்றக் காளானுக்கு அந்தத் தகடுகள் கிடையாது. அதன் வித்துகள் பிசுபிசுத்த சளிக்குள் புதைந்திருக்கின்றன. சளியைக் காற்றால் தூக்கிப்போக முடியாது. அதனால் ஈயைக் கூப்பிடுகிறது.

இறைச்சி அழுகும்போது, அதில் உள்ள மெத்தியோனின் முதலிய கந்தகம் கொண்ட அமினோ அமிலங்களைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. அப்போது டைமெத்தில் டைசல்பைடு, டைமெத்தில் டிரைசல்பைடு என்ற பொருள்கள் ஆவியாக வெளியே வருகின்றன. செத்த உடலில் முட்டையிடும் பச்சை ஈயும் நீல ஈயும் இந்த நாற்றத்தைப் பிடித்துக்கொண்டு வருபவை. நாற்றக் காளான்களின் சளியிலிருந்து கிளம்பும் ஆவியை ஆய்ந்தபோது இதே இரண்டு பொருள்களும் அதில் கிடைத்தன. அதாவது எலி தேடியவர்களின் மூக்கு பொய் சொல்லவில்லை. செத்த எலியிலிருந்து எந்த மூலக்கூறு வருமோ அதேதான் காளானிலிருந்தும் வந்திருக்கிறது. காற்றில் மிகச் சொற்பமாக இருந்தாலே நம் மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும்.

வந்த ஈ ஏமாந்து போவதில்லை. அந்தச் சளியில் சர்க்கரை இருக்கிறது, ஈ வயிறு நிறையச் சாப்பிடுகிறது. வித்து ஒவ்வொன்றும் சில மைக்ரோமீட்டர் நீளம்தான். சளியோடு சேர்ந்து வயிற்றுக்குள் போய், சாகாமல் எச்சத்தில் வெளியே வருகிறது. கொஞ்சம் காலிலும் ஒட்டிக்கொள்ளும். ஈக்கள் இந்த வித்துகளைப் பரப்பும் விதத்தை 1889-லேயே ஃபுல்டன் என்ற ஆய்வாளர் விரிவாக எழுதியிருக்கிறார். இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. காளான் கூப்பிடுவது அழுகலைத் தேடி அலைகிற பூச்சியை. அந்தப் பூச்சி அடுத்து எங்கே போகும்? இன்னொரு குப்பைமேட்டுக்கு, சாணிக்குழிக்கு, இலை மக்கும் இடத்துக்கு. வித்து முளைக்கத் தோதான இடமும் பெரும்பாலும் அதுவேதான். காற்று எங்கே கொண்டுபோய்ப் போடும் என்பதற்கு இப்படி ஓர் உறுதி கிடையாது.

ஈக்கள் நிறைய வந்துவிட்டால் சில மணி நேரத்தில் சளி முழுவதும் காலியாகிவிடும். நாற்றமும் குறையும். மிஞ்சுவது ஓட்டை ஓட்டையான வெறும் தண்டு, அதுவும் ஓரிரு நாளில் சாய்ந்துவிடும்.

"நேற்று ராத்திரி இங்கே ஒன்றுமே இல்லையே, அதற்குள் எப்படி வந்தது?" என்று கேட்பார்கள். வந்தது நேற்று இல்லை. மண்ணுக்கு ஒட்டியோ சற்று அடியிலோ, வெள்ளையாக, தொட்டால் மெத்தென்று ஒரு முட்டை பல நாட்களாக அங்கே வளர்ந்துகொண்டிருந்திருக்கும். அடியில் ஒரு வெள்ளைக் கயிறு, அது இழைகளின் திரள். அந்த முட்டையை நெடுக்காக வெட்டினால் வெளித்தோல், அதற்குள் கண்ணாடி மாதிரி தெளிவான ஜெல்லி, பிறகு கரும்பச்சைச் சளி, நட்ட நடுவே தண்டு என்று எல்லாம் வரிசையாகத் தெரியும். தண்டின் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறைகள். அவை கொசுவம் வைத்த சேலை போல ஒன்றன்மேல் ஒன்றாக அழுந்தி மடிந்திருக்கின்றன. புதிதாகச் செல்கள் பிறந்து தண்டு நீள்வதில்லை. இருக்கிற செல்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன, மடிப்பு விரிகிறது, தோல் கிழிகிறது, தண்டு எழுந்துவிடுகிறது. எல்லாமே சில மணி நேர வேலை. அந்த நீரைச் சேமித்து வைத்திருப்பது ஜெல்லி. எனவே முட்டையை மண்ணிலிருந்து எடுத்த பிறகும் அது விரியும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இதைச் செய்து பார்க்கலாம்: ஒரு முட்டையை மண்ணோடு பெயர்த்து, ஈரத்துணி விரித்த தட்டில் வைத்து, மேலே ஒரு கண்ணாடிச் சாடியைக் கவிழ்த்து வையுங்கள். திண்ணையில் வையுங்கள், வீட்டுக்குள் வேண்டாம்.

சரி, எந்த நாற்றக் காளான் என்று எப்படிச் சொல்வது? நிறத்தை விட, சளி எங்கே இருக்கிறது என்று பார்ப்பதுதான் நல்ல வழி. செங்காவித் தண்டு, நுனியில் தனியாகக் கழன்று வரக்கூடிய கூம்புத் தலை, அந்தத் தலையின் மேல் சளி என்றால் அது ஃபாலஸ் ரூபிகண்டஸ். வெப்பநாடுகளில் மரச்சீவலும் மூடாக்கும் போட்ட தோட்டங்களில் சாதாரணமாக வருவது. தனித்தலை இல்லாமல், தண்டே மேலே கூம்பிப்போய் அதன் நுனியில் சளி நேராகப் பூசியிருந்தால் அது மியூட்டினஸ் வகை. தண்டே இல்லாமல் கம்பி வலைக் கூண்டு மட்டும் இருந்து, சளி கூண்டின் உட்பக்கம் இருந்தால் கிளாத்ரஸ் வகை. இதில் கிளாத்ரஸ் டெலிகேட்டஸ் என்ற சின்னஞ்சிறு வெள்ளை இனம் முதலில் இலங்கையிலிருந்து விவரிக்கப்பட்டது. நமக்குப் பக்கத்து மண்ணின் நாற்றக் காளான்களைப் பற்றிய நல்ல பழைய ஆய்வும் அங்கிருந்துதான் வந்தது. பேராதனைத் தாவரவியல் தோட்டத்தில் பூஞ்சையியலாளராக இருந்த டாம் பெட்ச் 1908-ல் வெளியிட்டது அது.

இவற்றில் அழகானது ஃபாலஸ் இண்டூசியேட்டஸ். வெள்ளைத் தண்டு, பச்சைச் சளி பூசிய தலை, தலைக்கு அடியிலிருந்து ஏறக்குறைய தரை வரை விரிந்து தொங்கும் வெள்ளை வலைப் பாவாடை. மூங்கில் புதர் இருக்கும் இடங்களில் மழைக்குப் பிறகு காலையில் தேடிப் பார்க்கலாம். இதைச் சீனாவில் பயிரிட்டு, சளியையும் முட்டைத்தோலையும் நீக்கிக் காயவைத்துச் சூப்பில் போடுகிறார்கள். அதைக் கேட்டு நம் கொல்லையில் முளைத்ததை யாரும் அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

முட்டைப் பருவத்தில் ஓர் ஆபத்து இருக்கிறது. கொடிய நஞ்சுள்ள அமனிட்டா வகைக் காளான்களும் இளம்பருவத்தில் வெள்ளை முட்டையாகவே இருக்கும். வெட்டிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். அமனிட்டாவில் ஜெல்லி இருக்காது, குட்டிக் குடையின் உருவம் உள்ளே வரைந்து வைத்ததாகத் தெரியும். உள்ளே முழுக்க ஒரே வெள்ளைச் சதையாக இருந்தால் அது பந்துக் காளான்.

நாறுவதெல்லாம் காளானும் இல்லை. கொல்லையில் சேனைக்கிழங்கு போட்டிருந்தால், இலை வருவதற்கு முன்பே தரையை ஒட்டிக் கருஞ்சிவப்பில் ஒரு பெரிய பூ விரியும். அதுவும் பிணநாற்றம்தான், காரணமும் அதேதான்: மகரந்தம் சுமக்கப் பூச்சி வேண்டும். பூ தன்னைத்தானே சூடேற்றிக்கொண்டு நாற்றத்தை இன்னும் தூரம் அனுப்புகிறது. தொட்டியில் வளர்க்கும் ஸ்டபீலியாவின் நட்சத்திரப் பூவும் இந்த ரகம். செடிக்கும் பூஞ்சைக்கும் உறவு வெகுதூரம். ஆனால் இரண்டும் கூப்பிடுவது அழுகலைத் தேடி அலையும் பூச்சியை என்பதால் ஒரே மாதிரி வாசனையில் வந்து நிற்கின்றன.

மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் வேறு இரண்டைக் கண்டு பயப்படுகிறார்கள், இரண்டுமே நாறாதவை. தொட்டிக்குள் எலுமிச்சை மஞ்சளில் மெல்லிய குடைகள் கூட்டமாக வந்தால் அது லூக்கோகாப்ரினஸ் பிர்ன்பாமி. பிராக் நகரக் கண்ணாடிக் கூடம் ஒன்றில் அதைக் கண்டெடுத்த தோட்ட மேற்பார்வையாளர் பிர்ன்பாமின் பெயரால் 1839-ல் கோர்டா என்ற பூஞ்சையியலாளர் வைத்தது அந்தப் பிர்ன்பாமி என்ற பெயர். செடியை ஒன்றும் செய்யாது, தின்றால் வயிறு கெடும். இன்னொன்று, கோகோபீட் மேலோ மூடாக்கின் மேலோ ஒரே இரவில் பரவும் மஞ்சள் நுரைக்கூழ். அது ஃப்யூலிகோ செப்டிகா என்ற சளிப்பூஞ்சை. பெயரில் பூஞ்சை இருந்தாலும் அது பூஞ்சை இனமே இல்லை. பாக்டீரியாக்களைத் தின்றுகொண்டே மெல்ல ஊர்ந்து, பிறகு காய்ந்து பழுப்புத் தூளாகிவிடும்.

உண்மையிலேயே பயப்பட வேண்டியது நாறாமல், அழகாக, சாப்பிடத் தோன்றும்படி வரும். புல்வெளியிலும் தோட்டத்திலும் மழைக்குப் பின் வட்டமாக முளைக்கும் பெரிய வெள்ளைக் குடை, மேலே பழுப்புச் செதில், தண்டில் ஒரு வளையம்: குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். புற்றுக்காளான் என்று நினைத்துப் பறித்துவிடுகிறார்கள். ஓரிரு மணி நேரத்தில் கடும் வாந்தியும் பேதியும் வரும். புற்றுக்காளானுக்குத் தண்டு மண்ணுக்குள் வேர் மாதிரி நீண்டு கரையான் புற்று வரை இறங்கும், இதற்கு இறங்காது. முற்றிய குடை ஒன்றைத் தண்டை நறுக்கிவிட்டு, வெள்ளைத் தாளில் அடிப்பக்கம் கீழாக வைத்து டம்ளரால் மூடி ஓர் இரவு விட்டால், விழுந்திருக்கும் வித்துத்தூள் பச்சையாக இருக்கும். புற்றுக்காளானுக்கு அது வெளிர் இளஞ்சிவப்பு. வெள்ளிக் காசு கறுக்கிறதா, பூண்டு நிறம் மாறுகிறதா என்ற சோதனைகளை நம்பவே கூடாது. காளான் நஞ்சுகளுக்கும் வெள்ளிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சாப்பிட்டு யாருக்காவது வாந்தி வந்தால் மிச்சக் காளானையும் பையில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சாப்பிட்டு ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத் தொடங்கும் வாந்தி இன்னும் மோசமானது, அது ஈரலைத் தாக்கும் நஞ்சாக இருக்கலாம். இடையில் உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றினாலும் வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

நாற்றக் காளான் இப்போது அதிகம் கண்ணில் படுவதற்குக் காரணம் நாமே. தென்னை நார்க்கழிவு, மரத்தூள், கரும்புச் சக்கை, மட்டைத்துண்டு எல்லாம் தோட்டத்துக்கு வருகின்றன, க்ரோ பேக்கில் ஈரம் காயாமல் இருக்கிறது. இந்தப் பொருள்களில் உள்ள லிக்னினை, அதாவது மரத்தைக் கெட்டியாக்கும் பொருளை, எளிதில் யாராலும் உடைக்க முடியாது. அதை உடைப்பதில் பூஞ்சைகள் கைதேர்ந்தவை. அது உடைந்தால்தான் நார் மண்ணாகும், சத்து செடிக்குப் போகும். பூஞ்சைக்கொல்லி அடித்தால் மேலே நிற்கும் தண்டு நனையும், உள்ளே பரவிய இழைக்கு அது போய்ச்சேராது. வழியில் இருக்கும் நல்ல உயிர்களுக்குத்தான் கேடு.

நாற்றம் தாங்க முடியவில்லை, சமையலறை ஜன்னலுக்குக் கீழேயே வந்துவிட்டது என்றால் முட்டைப் பருவத்திலேயே பெயர்த்து எடுங்கள். நின்றுவிட்டதை ஒரு பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிப் பிடுங்கி, பையை உள்வெளியாகத் திருப்பி முடிந்துவிடலாம். கை கழுவினால் போதும். குழந்தைகளும் நாய்க்குட்டியும் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மூலையில் கனமாகக் கிடக்கும் மூடாக்கைக் கிளறிவிட்டு, தண்ணீரைக் குறைத்தால் அடுத்த முட்டைகள் குறையும். வாசலை விட்டுத் தள்ளி வந்திருந்தால் ஒன்றுமே செய்ய வேண்டாம்.

பிடுங்குவதற்கு முன் படம் எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, அடியைத் தோண்டி முட்டைத்தோல் தெரியும்படி ஒன்று. அளவு தெரிய ஒரு ஸ்கேலை அருகில் வையுங்கள். எதன்மேல் முளைத்தது, எந்தத் தேதி, காலையா மாலையா, சளி எந்தப் பக்கம், ஈ வந்ததா என்று ஒரு வரி எழுதிவையுங்கள். ஒத்தக்கடை வேளாண்மைக் கல்லூரியில் பயிர்நோயியல் படித்தவர்களிடம் காட்டினால், இந்த விவரங்களோடு இருக்கும் படத்திலிருந்து பேரினம் வரைக்கும் சொல்ல வாய்ப்பு உண்டு. மொட்டைத் தண்டின் படத்தை வைத்து யாராலும் சொல்ல முடியாது, எனவே ஈ தின்று முடிப்பதற்குள் எடுத்துவிடுங்கள்.