பேட்டரி இறங்கும் நேரம்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், அக்டோபர் மாத இரவில் நங்கூரம் போட்டு நிற்கும் முப்பதடிப் பாய்மரப் படகு ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இரண்டு பேர் படுக்கும் சின்ன கேபின். வெளியே 4, 5 டிகிரி. மெல்லிய ஃபைபர் சுவர், அதற்கு அந்தப் பக்கம் கடல். கேபின் கதகதப்பாக இருக்க 2 கிலோவாட் வெப்பம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

பேட்டரியிலிருந்தே எடுத்துவிடலாமா? தலா 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி அளவில் இரண்டு ஈய-அமில பேட்டரிகள் இருக்கின்றன. பாதிக்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால், கையில் இருப்பது 1,200 வாட்-மணிதான். 2 கிலோவாட் மின் ஹீட்டர் போட்டால் 36 நிமிடத்தில் தீர்ந்துவிடும். ஒரு லிட்டர் டீசலிலோ ஏறத்தாழ 10,000 வாட்-மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. எனவே படகில் எதையாவது எரித்துத்தான் குளிர்காய வேண்டும். எரிவது என்ன என்பதைவிட, அதன் புகை எங்கே போகிறது என்பதுதான் உயிர் சம்பந்தப்பட்ட கேள்வி.

படகுக்கென்று செய்யப்படும் டீசல் ஹீட்டர் இதை அழகாகத் தீர்க்கிறது. அதற்குள் இரண்டு காற்றோட்டங்கள். ஒன்று, எரிவதற்கான காற்று. மூடிய உலோக அறைக்குள் போய், டீசலை எரித்து, குழாய் வழியாகப் படகுக்கு வெளியே போய்விடும். இன்னொன்று நாம் சுவாசிக்கும் காற்று. அது அந்தச் சூடான உலோகத்தை வெளியிலிருந்து தொட்டுக்கொண்டு கேபினுக்குள் வருகிறது. சுவரும் குழாயும் ஓட்டையில்லாமல் இருக்கும்வரை இரண்டும் கலக்கவே கலக்காது. 2 கிலோவாட் வெப்பத்துக்கு மணிக்குக் கால் லிட்டர் டீசல் போதும்.

ஆனால் இந்த ஹீட்டருக்கும் மின்சாரம் வேண்டும். ஓடும்போது ஒன்றிரண்டு ஆம்பியர்தான். பற்றவைக்கும் சில நிமிடங்களுக்கு மட்டும், டீசலைப் பற்றவைக்க மின்சாரத்தில் பழுக்கச் சூடாகும் குளோ பிளக் 8, 10 ஆம்பியர் இழுக்கும். பேட்டரி இறங்கியிருந்தால் அந்த நேரத்தில் வோல்ட்டேஜ் சரிந்துவிடும். ஒயர் மெல்லியதாகவும் நீளமாகவும் இருந்தால் இன்னும் மோசம்: பேட்டரியில் 12 வோல்ட் இருந்தாலும் ஹீட்டருக்கு வந்து சேர்வது குறைவு. ஒரு வரம்புக்குக் கீழே போனதும் ஹீட்டர் தானாக நின்றுவிடும். இரவு மூன்று மணி, கை விறைக்கிறது, ஹீட்டர் எரியவில்லை. சமையல் அடுப்பைப் பற்றவைக்கலாம் என்று தோன்றுவது அப்போதுதான். இறங்கிய பேட்டரியை வெறும் வசதிக் குறைவாக என்னால் பார்க்க முடியாததற்குக் காரணம் இதுதான்.

சரி, பேட்டரி ஏன் நிரம்புவதே இல்லை? மாலையில் அரைமணி நேரம் என்ஜினை ஓட்டினோமே? உளுந்து ஊறுவது போலத்தான் இதுவும். தண்ணீரை எவ்வளவு வேகமாக ஊற்றினாலும் பருப்பு தன் வேகத்தில்தான் ஊறும். பேட்டரி இறங்கும்போது ஈயத் தகடுகளின் நுண்துளைகளுக்குள் படிந்த ஈய சல்ஃபேட் கரைந்து மாற வேண்டும், அமிலம் உள்ளே பரவ வேண்டும். முதலில் மின்சாரம் வேகமாக ஏறும். சுமார் 80 சதவீதத்துக்குப் பிறகு, சார்ஜர் 14.4 வோல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாலும் பேட்டரி வாங்கிக்கொள்வது குறைந்துகொண்டே வரும். கடைசி 20 சதவீதத்துக்குப் பல மணி நேரம் ஆகும். அரைமணியோடு நிறுத்தி நிறுத்திப் பழகினால், மீந்த சல்ஃபேட் கெட்டிப் படிகமாகிக் கொள்ளளவையே குறைத்துவிடும். துறைமுகத்துக்குப் போகும்போதெல்லாம் கரை மின்சாரத்தில் ஓர் இரவு முழுக்க சார்ஜில் விடுவது நல்லது. லித்தியம் இரும்பு பாஸ்ஃபேட் பேட்டரி கடைசிவரை வேகமாக வாங்கிக்கொள்ளும். ஆனால் 0 டிகிரிக்குக் கீழே அதற்கு சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து சேதமாகும்.

இனி அந்த அடுப்பு. 2014 ஜனவரியில், இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் கட்டியிருந்த 'எஷ்கால்' என்ற மீன்பிடிப் படகில், குளிருக்காக கேஸ் அடுப்பின் கிரில்லை எரியவிட்டுத் தூங்கிய இரண்டு மீனவர்கள் இறந்துபோனார்கள். அவர்களைக் கொன்றது கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு. அதைக் கண்டறியும் அலாரம் படகில் இல்லை. அதற்கு முந்தைய ஆண்டு விண்டர்மியர் ஏரியில், படகுக்குள் பொருத்தியிருந்த பெட்ரோல் ஜெனரேட்டரின் புகைக்குழாய் கழன்றதில் ஒரு தாயும் மகளும் இறந்தார்கள். மின்சாரத்துக்காக ஓடிய இயந்திரத்திலிருந்தும் வந்தது அதே வாயுதான்.

மூடிய அறையில் அடுப்பு எரிந்தால் ஆக்சிஜன் குறையும், எரிதல் அரைகுறையாகும், கார்பன் மோனாக்சைடு பெருகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக இதைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, குமட்டல், அப்புறம் மயக்கம். தூங்குகிறவருக்கு அந்த முதல் அறிகுறிகள்கூடத் தெரியாமல் போகலாம். இது போதாதென்று, ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கும் அதிகமான தண்ணீர் ஆவியாகி கேபின் சுவரெல்லாம் வியர்க்கும்.

ஐரோப்பியத் தரநிலைப்படி செய்த அலாரம், காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு இருந்தால் 60 முதல் 90 நிமிடத்திற்குள்ளும், 300 பங்கு இருந்தால் 3 நிமிடத்திற்குள்ளும் அலறும். படுக்கைக்குப் பக்கத்தில், மூச்சு விடும் உயரத்தில் மாட்டுங்கள். அலறினால் எல்லோரும் திறந்த தளத்துக்கு ஏறிவிட வேண்டும். ஜன்னலைத் திறந்துவிட்டுத் திரும்பப் படுக்கக் கூடாது. நல்ல காற்றில் இருந்தாலும் ரத்தத்தில் ஏறியதில் பாதி வெளியேறவே நாலைந்து மணி நேரம் ஆகும். ஆக்சிஜன் முகமூடி வைத்தால் ஒன்றரை மணி நேரத்துக்குள் அது நடந்துவிடும். அதனால் தலை தெளிந்தது போலிருந்தாலும் உதவிக்கு அழைத்துவிடுங்கள்.