பிரஷர் மாத்திரையை நிறுத்துவதற்கு முன்

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களிலிருந்து கிளினிக்குக்கு வருகிறவர்களின் மருந்துப் பைகளைத் திறந்து பார்த்தால், மூன்று மாதத்துக்கு முன் வாங்கிய அட்டைகள் பாதி தீராமல் கிடக்கும். கேட்டால், "பிரஷர்தான் இறங்கிடுச்சே, தலையும் சுத்தல, அப்புறம் எதுக்கு?" என்பார்கள்.

இறக்கி வைத்திருப்பதே அந்த மாத்திரைதான். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை உடம்பை விட்டு மெதுவாகத்தான் வெளியேறும். அதனால் நிறுத்திய முதல் இரண்டு மூன்று நாளுக்குப் பிரஷர் அளவு பெரிதாக ஏறாது. 'இல்லாமலும் நன்றாகத்தான் இருக்கிறேன்' என்ற எண்ணம் அந்த நாட்களில்தான் பிறக்கிறது. அளவு மெல்ல 160, 170 என்று ஏறும்போதும் பெரும்பாலோருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி நம் நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 29 பேருக்கு இரத்தக் கொதிப்பு உண்டு. அவர்களில் பலருக்குத் தங்களுக்கு இருப்பதே தெரியாது.

மறந்து விடுகிறவர்களைவிட, மாத்திரை தந்த தொல்லையால் நிறுத்துகிறவர்களைப் பற்றித்தான் எங்களுக்கு அதிகக் கவலை. அவர்கள் சொல்வது உண்மையான தொல்லை. அதை டாக்டரிடம் சொல்லாமல் விடுவதுதான் சிக்கலாகிறது.

அம்லோடிபின் சாப்பிடுகிறவர்களில் சிலருக்கு, அதிலும் 10 மில்லிகிராமில், மாலையானால் கணுக்கால் வீங்கும். சிறு தமனிகள் விரிவதால் நீர் கசிந்து காலில் தேங்குகிறது. 'சிறுநீரகம் போய்விட்டது' என்று பயந்து மாத்திரையைத் தூக்கிப் போடுகிறார்கள். டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தோ வேறு மருந்து சேர்த்தோ இதைச் சரிசெய்யலாம். வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலும், ஒரு கால் மட்டும் வலியோடு வீங்கினாலும் அது வேறு கதை. அன்றே காட்ட வேண்டும்.

பெரிண்டோபிரில் என்ற பிரஷர் மாத்திரை சிலருக்கு வறட்டு இருமலைக் கொடுக்கும். சளி இருக்காது, தொண்டை மட்டும் அரிக்கும். எத்தனை பாட்டில் இருமல் மருந்து குடித்தாலும் போகாது. டாக்டர் லோசார்டன் வகை மாத்திரைக்கு மாற்றினால் சில வாரங்களில் அடங்கிவிடும். உதடோ முகமோ திடீரென வீங்கினால் மட்டும் காத்திருக்கக் கூடாது, உடனே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும்.

ஹைட்ரோகுளோரோதயசைடு, அதாவது 'சிறுநீர் மாத்திரை', பால்மரம் வெட்டும் பெண்கள் அதிகம் தவிர்ப்பது. விடியும் முன் நிரைக்கு (ரப்பர் மர வரிசைக்கு) போனால் அங்கே கழிப்பறை ஏது? அந்த மாத்திரையை வேலை முடிந்து வீடு வந்ததும் போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். காலையில் சாப்பிட்டாலும் மாலையில் சாப்பிட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத்தைத் தடுப்பதில் வேறுபாடில்லை என்று 2022இல் வெளியான பெரிய பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. தினமும் அதே நேரமாக இருந்தால் போதும். மெட்டோபுரோலோல், பிசோபுரோலோல் என்ற பிரஷர் மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்கள் மட்டும் எக்காரணம் கொண்டும் திடீரென நிறுத்தக் கூடாது; நெஞ்சு வலியில் கொண்டுபோய் விடும்.

இன்னொரு தவறு, இரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் வரச் சொன்னால் பிரஷர் மாத்திரையையும் விட்டுவிட்டு வருவது. வேறு மாதிரி சொல்லியிருந்தால் தவிர, அதை வெறும் தண்ணீரில் போட்டுக்கொண்டு வரலாம். இனிப்புநீர் (நீரிழிவு) மாத்திரையும் இன்சுலினும்தான் சாப்பாடு வரை காத்திருக்கும். மாத்திரை போடாமல், கொப்பி குடித்துவிட்டு, மோட்டார் சைக்கிளில் அவசரமாக வந்து 170 காட்டினால், டாக்டர் மருந்தைக் கூட்டத்தான் செய்வார்.

வீட்டில் பார்ப்பதானால் மேல்கையில் கட்டும் கருவியே நல்லது. பட்டை சிறிதாக இருந்தால் அளவு கூட்டிக் காட்டும். கொப்பி, சிகரெட் முடிந்து 30 நிமிடம், சிறுநீர் கழித்துவிட்டு 5 நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசைமேல் வையுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து எழுதி வையுங்கள். வீட்டுச் சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அதிகம்.

மூட்டுவலிக்குப் போடும் டைக்ளோஃபெனாக், மெஃபெனாமிக் அமில மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) விற்கும், பதிவு எண்ணும் ஹோலோகிராமும் இல்லாத 'மூலிகை' வலி மாத்திரை அதைவிட ஆபத்து. அப்படிப்பட்ட பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. வலி மாயமாய்ப் போகும். முகம் உப்பும், பிரஷரும் இனிப்புநீரும் ஏறும்.

அளவு 180/120ஐத் தாண்டினால் 5 நிமிடம் அமைதியாக இருந்து மறுபடி பாருங்கள். குறையாவிட்டால் அன்றே கிளினிக்குக்குப் போங்கள். நீங்களாக இரண்டு மாத்திரை போடாதீர்கள். நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி இவற்றில் எது வந்தாலும், அளவு எதுவாக இருந்தாலும், 999ஐ அழையுங்கள். தோட்டத்தின் பெயரோடு பிரிவு எண்ணையும் சொல்லி, ஆம்புலன்சுக்கு வழிகாட்ட ஒருவரைப் பெரிய ரோட்டுச் சந்திப்பில் நிற்க வையுங்கள்.