க்விவர் வாங்கும்போது முதலில் மூடியைப் பாருங்கள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் எங்கள் வில் கடையில் நிற்க இடம் இருக்காது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் மான் வேட்டைக்கான வில் பருவம் அக்டோபர் 1 அன்று தொடங்குகிறது. துப்பாக்கிப் பருவம் நவம்பர் 15-இல்தான். இடையில் கிடைக்கும் அந்த ஆறு வாரத்துக்காக வருடம் முழுக்கக் காத்திருப்பவர்கள், கடைசி இரண்டு வாரத்தில் வில்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். நாண் மாற்ற வேண்டும், சைட் (குறிபார்க்கும் கருவி) சரிபார்க்க வேண்டும், அம்பை அளவுக்கு வெட்ட வேண்டும். பதினோரு வருடமாக எனக்கு இதுதான் வேலை. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கிறேன்.

சில வருடங்களாக வரிசையில் தமிழ் முகங்களையும் பார்க்கிறேன். உடன் வேலை செய்பவரோ பக்கத்து வீட்டுக்காரரோ ஒருமுறை கூட்டிப்போக, ஆசை வந்துவிடுகிறது. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வளர்ந்த நமக்கு, வேட்டையைச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் கிடையாது. இங்கே பிள்ளைகள் பத்து வயதில் அப்பாவிடம் கற்றுக்கொள்வதை நாம் முப்பது வயதில் கடையில் கேட்டுத் தெரிந்துகொள்கிறோம். மிச்சிகனில் 1960 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டை உரிமம் வாங்க பாதுகாப்பு வகுப்பு முடித்திருக்க வேண்டும். ஆனால் எந்த க்விவர், அதாவது அம்பறாத்தூணி, வாங்குவது என்று பார்த்துப் பார்த்துச் சொல்ல வகுப்பில் நேரம் போதாது.

அம்பறாத்தூணி என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது கோயில் சிற்பத்தில் ராமர் தோளுக்குப் பின்னால் தெரியும் கூடு. இன்றைய வேட்டைக்காரர்களில் பெரும்பாலானோர் அதை முதுகில் மாட்டுவதில்லை, வில்லின் பக்கவாட்டிலேயே திருகி வைத்துக்கொள்கிறார்கள். மேலே தொப்பி மாதிரி ஒரு மூடி, அதற்குள் ஃபோம் அல்லது ரப்பர். அம்பின் முனை அதில் குத்தி நிற்கும். கீழே ரப்பர் கிரிப்பர்கள் அம்பின் உடலைக் கவ்விக்கொள்ளும். அவ்வளவுதான் க்விவர்.

வாங்க வருபவர்கள் கேட்கும் கேள்விகள் எனக்கு மனப்பாடம். எத்தனை அம்பு பிடிக்கும்? எடை எவ்வளவு? வில்லின் கேமோ நிறத்தோடு பொருந்துமா? நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முனையில் என்ன பிராட்ஹெட் போடுகிறீர்கள்?

ஏன் கேட்கிறேன் என்றால், பிராட்ஹெட் என்பது சவர பிளேடு. இரண்டோ மூன்றோ பிளேடுகளைச் சேர்த்து அம்பின் நுனியில் திருகியிருக்கிறார்கள். எடை பெரும்பாலும் 100 கிரெயின், அதாவது ஆறரை கிராம். மான் நெஞ்சைக் கடந்து போகிற அளவுக்குக் கூர். அப்படிப்பட்ட நாலைந்தை இடுப்புக்கும் முகத்துக்கும் நடுவே தொங்கவிட்டுக்கொண்டுதான் இருட்டில், ஈர இலைமேல், மரவேர் தடுக்கும் பாதையில் நடக்கிறோம்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவர், இருபது வருடம் வேட்டையாடியவர். வில்லைப் புதிதாக வாங்கினார், க்விவர் மட்டும் பழையது. ஒரு நாள் அதிகாலை நடந்து களைத்து, விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்து வில்லைத் தொடைமேல் சாய்த்திருக்கிறார். மூடிக்குள் இருந்த ஃபோம் வருடக்கணக்கில் குத்தப்பட்டுத் தூளாகியிருந்தது. ஒரு அம்பு சாய்ந்து, பிளேடின் விளிம்பு மூடிக்கு வெளியே அரை அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. பேண்ட் கிழிந்ததே அவருக்குத் தெரியவில்லை. தொடையில் ஏதோ சூடாக வழிகிற மாதிரி இருந்த பிறகுதான் குனிந்து பார்த்தாராம். பெரிய ரத்தக்குழாய் தப்பியது, தையலோடு போயிற்று. அடுத்த வாரம் அந்த க்விவரை என் மேசைமேல் வைத்தார். தலைகீழாகக் கவிழ்த்தேன். மஞ்சள் மாவு மாதிரி ஃபோம் கொட்டியது.

அன்றிலிருந்து கடையில் ஒரு சோதனை செய்கிறேன். வாங்குபவரின் அம்பையே, அவருடைய பிராட்ஹெட்டோடு, க்விவரில் வைக்கச் சொல்வேன். பிறகு ஒரு பழைய பருத்தித் துணியை எடுத்து மூடியின் விளிம்பைச் சுற்றி மெதுவாக இழுப்பேன். எங்காவது நூல் சிக்கினால் அந்த க்விவர் அந்த பிராட்ஹெட்டுக்கு ஆகாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பொருளாக இருந்தாலும் சரி. அப்புறம் வில்லைத் தலைகீழாகப் பிடித்து நன்றாக உலுக்குவேன். அம்பு ஒரு நூல் நகர்ந்தாலும் கிரிப்பர் சரியில்லை.

கிரிப்பர் பிடிக்காததற்கு முக்கால்வாசிக் காரணம் அம்பின் தடிமன். கார்பன் அம்புகள் 6.5 மி.மீ., 5 மி.மீ., 4 மி.மீ. என்று விற்கின்றன. அது பெரும்பாலும் உள்துளையை ஒட்டிய கணக்கு, வெளியே இன்னும் கொஞ்சம் தடிமன் இருக்கும். பழைய தடித்த அம்புக்குச் செய்த கிரிப்பரில் 4 மி.மீ. அம்பை வைத்தால் அது ஆடும், வழுகும். மாறி மாறிப் பயன்படுத்துபவர்கள் கிரிப்பரைத் தனியாக மாற்ற முடிகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

விரியும் வகை பிராட்ஹெட் போடுபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். பறக்கும்போது மடங்கியிருந்து, பட்டதும் விரிகிற பிளேடு அது. இறுக்கமான ஃபோமில் குத்தி இழுத்தால் க்விவரிலிருந்து வெளியே வரும்போதே விரிந்துவிடும். மான் முன்னால் நிற்கும்போது விரிந்த பிளேடை விரலால் மடக்குகிற நிலைமை யாருக்கும் வரக்கூடாது. முனை மட்டும் பதிந்து பிளேடைத் தொடாத ரப்பர் மூடி இவர்களுக்கு நல்லது.

ஒரே துண்டா, இரண்டு துண்டா என்பது அடுத்த கேள்வி. மூடியும் கிரிப்பரும் தனித்தனியாக ரைசரில் (வில்லின் கைப்பிடியுள்ள நடுப்பகுதி) திருகப்படுவது இரண்டு துண்டு. வில்லோடு ஒட்டிக்கொள்ளும், ஆடாது, சத்தம் குறைவு. ஆனால் சட்டென்று கழற்ற முடியாது. ஒரே துண்டு க்விவரை ஒரு நெம்புகோலைத் தட்டிக் கழற்றிவிடலாம். மரத்தின்மேல் ஸ்டாண்டில் உட்காருபவருக்கு நான் இதைத்தான் சொல்வேன், கழற்றிக் கைக்கெட்டும் கிளையில் மாட்டிவிடலாம். தரையில் நடந்து தேடுபவருக்கு இரண்டு துண்டு.

எப்படியிருந்தாலும் வேட்டையில் எப்படி எய்வீர்களோ அப்படியே பயிற்சி செய்யுங்கள். வலக்கைக்காரரின் வில்லில் க்விவர் வலப்பக்கம் உட்காரும். நாலு அம்போடு சேர்த்து 350 கிராம் வரை ஒரு பக்கமாக இழுக்கும். இரண்டு கிலோ வில்லுக்கு அது கொஞ்சமில்லை. கோடை முழுக்க க்விவர் இல்லாமல் எய்து பழகிவிட்டு, அக்டோபரில் மாட்டிக்கொண்டு எய்தால் வில் வலப்பக்கம் சாயும். காற்றடித்தால் இறகுகள் வேறு பாய்மரம் மாதிரி பிடிக்கும். ஆறு அம்பு க்விவர் எதற்கு என்று நான் கேட்பதும் இதனால்தான். ஒரு நாளுக்கு மூன்று, நாலு அம்பு தாராளம்.

சத்தத்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 20 கஜ தூரத்தில் மான் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 280 அடி போகும் அம்பு அங்கே சேர ஐந்தில் ஒரு நொடிக்கு மேல் ஆகும். வில்லின் சத்தம் அதில் கால்வாசி நேரத்திலேயே அதன் காதுக்குப் போய்விடுகிறது. வெள்ளைவால் மான் அந்த இடைவெளியில் ஓடுவதற்காக உடலைத் தாழ்த்துகிறது, அம்பு படவேண்டிய இடம் மாறிப்போகிறது. காயத்தோடு ஓடும் மானை இருட்டில் தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும், அந்த இரவு எப்படி இருக்கும் என்று. தளர்ந்த ஒரு திருகு, கிரிப்பரில் அதிரும் ஒரு அம்பு போதும். கடையிலேயே வில்லை உள்ளங்கையால் தட்டிப் பாருங்கள். கடகடவென்றால் வேறு எடுங்கள்.

பொருத்தும்போது அம்பின் வால் எங்கே முடிகிறது என்று பார்க்கவேண்டும். வில்லைத் தரையில் ஊன்றினால் வில்லின் கீழ்நுனியில் நாண் சுற்றும் சக்கரம்தான் மண்ணில் பட வேண்டும், அம்பின் நாக் (நாணில் மாட்டும் வால்முனை) படக்கூடாது. நீளமான அம்பு வைத்திருப்பவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. இறகுகளும் சக்கரத்துக்கும் நாணுக்கும் பக்கத்தில் வரக்கூடாது.

மரத்தில் ஏறுபவர்கள் தயவுசெய்து வில்லைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறாதீர்கள். உடம்பு முழுக்கப் பிடிக்கும் பாதுகாப்பு ஹார்னஸை மாட்டி, மேலே போய் உட்கார்ந்த பிறகு கயிற்றால் இழுங்கள். இழுக்கும்போது எல்லா அம்பும் மூடிக்குள் இருக்க வேண்டும். நாணில் அம்பு இருக்கக்கூடாது.

ஃபோமுக்கு ஆயுள் உண்டு. மழையில் நனைந்தால் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பிளேடு துருப்பிடிக்கும். வீட்டுக்கு வந்ததும் அம்புகளை எடுத்துவிட்டு மூடியைக் காய வையுங்கள். உள்ளே விரலை விட்டுப் பார்க்காதீர்கள், டார்ச் அடித்துப் பாருங்கள். பருவத்துக்கு ஒருமுறை ஃபோமை மாற்றினால் போதும், பத்து நிமிட வேலை.

பையில் ஒரு டூர்னிக்கெட் (ரத்தத்தை நிறுத்த இறுக்கிக் கட்டும் பட்டை) இருக்கட்டும். பிராட்ஹெட் காலையோ கையையோ வெட்டி ரத்தம் பீறிட்டால், காயத்துக்கு இரண்டு மூன்று அங்குலம் மேலே, மூட்டில் படாமல், ரத்தம் நிற்கும்வரை இறுக்குங்கள். கட்டிய நேரத்தைக் குறித்துக்கொண்டு 911-ஐ அழையுங்கள். உடம்பில் குத்தி நிற்கும் பிராட்ஹெட்டைப் பிடுங்கவே கூடாது.

தையல் போட்டுக்கொண்ட அந்த வாடிக்கையாளர் சென்ற மாதம் மகளோடு வந்திருந்தார். பன்னிரண்டு வயது, அவளுக்கு முதல் வில். நான் அலமாரியிலிருந்து நாலு அம்பு க்விவர் ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒன்றும் சொல்லாமல் என் மேசைமேல் கிடந்த துணியை எடுத்து அவளிடம் நீட்டினார்.